பழைய மோட்டார் கார்களின் மின்வேலைக்குத் தமிழில் பாதுகாப்புக் குறிப்பு எழுதுவது எப்படி?

ஓலைக்குறிப்பு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூருக்கு அருகில் ஒருவர் தம் சொந்த ஆர்வத்தில் சேர்த்து வைத்திருக்கும் பழைய கார்களைப் பராமரிக்கும் பொறுப்பில் இருக்கிறேன். அவற்றில் மூன்று இப்போது ஓடும் நிலையில் உள்ளன: 1924ஆம் ஆண்டின் ஃபோர்டு மாடல் டி, 1926ஆம் ஆண்டின் ஆஸ்டின் செவன், 1930ஆம் ஆண்டின் ஃபோர்டு மாடல் ஏ. இவற்றில் மின்வேலை செய்பவர்களுக்குத் தமிழில் ஒரு பாதுகாப்புக் குறிப்பு எழுதித் தருமாறு உரிமையாளர் கேட்டிருக்கிறார். படிக்கப் போகிறவர்கள் இரண்டு வகையினர். இன்றைய கார்களில் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வயரிங் வேலை பார்த்துக் கைதேர்ந்தவர்கள் ஒரு வகை, ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, பழைய வண்டிகளின் மேல் உள்ள ஆசையால் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உதவும் பையன்கள் இன்னொரு வகை. பையன்கள் எதையும் கேட்டுவிட்டுத்தான் தொடுகிறார்கள் என்பதால், கைதேர்ந்தவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

இந்தக் குறிப்பு தேவை என்று தோன்றியதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற மாதம் ஆஸ்டினில் பாயிண்ட் (திறந்து மூடிப் பொறியின் நேரத்தைத் தீர்மானிக்கும் தொடுமுனைகள்) இடைவெளி பார்ப்பதற்காக, எங்களிடம் வேலை செய்பவர் ஒருவர் சுவிட்சை ஆஃப் நிலையில் வைத்துவிட்டு, இன்ஜினைக் கையால் சுற்றும் ஹேண்டிலைப் போட்டுத் திருப்பினார். வண்டி அரை மணி நேரத்துக்கு முன்புதான் ஓடி நின்றிருந்தது, இன்ஜினில் சூடு இருந்தது. அழுத்தத்தைத் தாண்டுவதற்காக அவர் ஒரு வெட்டு வெட்டியபோது ஒரு சிலிண்டர் பற்றிக்கொண்டு, ஹேண்டில் பின்னோக்கி உதைத்தது. நல்ல வேளையாக மணிக்கட்டு வீங்கியதோடு முடிந்தது. பிறகு பார்த்தால், மேக்னெட்டோவிலிருந்து (பிளக்குகளுக்குப் பொறி கொடுக்கும் காந்த மின்கருவி) சுவிட்சுக்குப் போகும் வயர் முனையில் அறுந்து, துணி உறை மட்டும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது முழு வயராகத்தான் தெரியும்.

நான் எழுதி வைத்திருக்கும் முதல் வரைவு இது:

1. பணியைத் தொடங்கும் முன் மின்கலத்தின் எதிர்மின்முனை இணைப்பைத் துண்டிக்கவும்.
2. மின்சுற்றில் மின்சாரம் இல்லை என்பது உறுதி செய்யப்பட்ட பின்னரே பணிகள் மேற்கொள்ளப்பட வேண்டும்.
3. சுவிட்சை அணைக்காமல் இன்ஜினின் எந்தப் பகுதியையும் தொடக்கூடாது.
4. உயர் மின்னழுத்தக் கம்பிகளைக் கையாளும்போது உரிய முன்னெச்சரிக்கை நடவடிக்கைகள் எடுக்கப்பட வேண்டும்.

எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே திருப்தி இல்லை. மூன்று வண்டிகளுக்கும் சேர்த்து ஒரே குறிப்பு போதுமா, அல்லது தனித்தனியாக எழுத வேண்டுமா? கலைச்சொற்களைத் தூய தமிழில் தருவதா, பட்டறையில் புழங்கும் சொற்களை அப்படியே எழுதுவதா? எல்லா வரிகளையும் சிவப்பில் அச்சிட்டு மேலே ‘அபாயம்’ என்று போடலாம் என்று உரிமையாளர் சொல்கிறார், அது சரிதானா? வண்டியை அறிந்தவர்களும் எழுத்தை அறிந்தவர்களும் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆறு வோல்ட் எழுதியது:

வணக்கம் ஐயா. நான் நாற்பது ஆண்டுகளாக ஆட்டோ எலெக்ட்ரீசியன். அதில் பின்பாதி முழுவதும் பழைய வண்டிகள்தான். மொழியைப் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும். உங்கள் நான்கு வரிகளில் இரண்டு இந்த வண்டிகளுக்குப் பொருந்தவே பொருந்தாதவை என்பதால், அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் வரியில் எதிர்மின்முனை, அதாவது மைனஸ், என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் உள்ள இரண்டு ஃபோர்டுகளும் ஆறு வோல்ட் வண்டிகள்தான். ஆனால் மாடல் டி வண்டியில் பாடியோடு சேர்ந்திருப்பது மைனஸ், அதற்கு அடுத்து வந்த மாடல் ஏ வண்டியில் பாடியோடு சேர்ந்திருப்பது பிளஸ். இன்று நாம் மைனஸை முதலில் கழற்றச் சொல்வது மைனஸில் ஏதோ மந்திரம் இருப்பதால் அல்ல. இன்றைய கார்களில் எர்த், அதாவது பாடியோடு சேர்ந்த முனை, மைனஸாக இருப்பதால்தான். எர்த் கேபிளைக் கழற்றும்போது ஸ்பேனர் நழுவிப் பாடியில் பட்டாலும் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அந்த முனையும் பாடியும் ஏற்கெனவே ஒன்றாகத்தான் இருக்கின்றன. மாடல் ஏ வண்டியில் பேட்டரி, காலடிப் பலகைக்குக் கீழே ஃபிரேமை ஒட்டிய குறுகலான இடத்தில் இருக்கிறது. அங்கே மைனஸ் நட்டில் ஸ்பேனரைப் போட்டு, அதன் மறுமுனை ஃபிரேமில் பட்டால் பேட்டரியின் முழுக் கரண்டும் ஸ்பேனர் வழியாகப் பாயும். ஆகவே ‘மைனஸ்’ என்ற சொல்லையே எடுத்துவிட்டு, ‘எர்த் கேபிளை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள்’ என்று எழுதினால் மூன்று வண்டிகளுக்கும் பொருந்தும். எது எர்த் என்பதைப் பேட்டரியின் பக்கத்திலேயே பெயின்டில் எழுதிவிடுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு பழக்கம், ‘ஆறு வோல்ட்தானே’ என்ற அலட்சியம். ஆறு வோல்ட்டில் ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் அதே வாட்ஸ் விளக்குக்கு, பன்னிரண்டு வோல்ட்டில் ஓடுவதைப் போல இரண்டு மடங்கு கரண்ட் ஆறு வோல்ட்டில் ஓட வேண்டும். ஒரே கனமுள்ள வயரில் கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். புதிய வண்டி வேலை செய்பவர் தம் பையில் உள்ள மெல்லிய வயரை எடுத்து இழுத்தால், விளக்கும் மங்கும், வயரும் வேகும். செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். என் பட்டறைச் சுவரில் ஒரு ஸ்பேனரை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். அதன் நடுவில் எலி கடித்தது போல ஒரு பள்ளம் இருக்கும். ஆறு வோல்ட் பேட்டரி கடித்தது அது. புதிதாக வேலைக்கு வருகிற எவரும் முதல் நாளிலேயே அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்க்கும்படி சொல்வேன். பிறகு மோதிரத்தையும் காப்பையும் ஸ்டீல் வாட்ச்சையும் கழற்றச் சொல்ல வேண்டியிருப்பதில்லை.

மாடல் டி, மாடல் ஏ இரண்டிலும் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது ஃபியூஸ் கிடையாது. மாடல் ஏ வண்டியில் பெட்ரோல் டேங்க், கண்ணாடிக்கு முன்னால் டேஷ்போர்டோடு சேர்ந்து இருக்கிறது. கரண்டின் அளவைக் காட்டும் அம்மீட்டரின் திருகுகள் எப்போதும் கரண்ட் உள்ளவையாக அதன் அருகிலேயே நிற்கின்றன. பேட்டரி கேபிளைக் கழற்றாமல் அந்த மீட்டர் தட்டை வெளியே இழுத்தால், திருகு இரும்பில் பட்டுப் பொறி பறக்கும், அதுவும் டேங்குக்குப் பக்கத்தில். செல்ஃப் மோட்டாரின் சுவிட்ச் முனையிலிருந்து கிளம்பும் வயரில் 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைப் பலரும் இப்போது பொருத்திக்கொள்கிறார்கள். பழமை கெடுகிறது என்று உரிமையாளர் தயங்கினால், வண்டியே கெடுவதை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து மூன்றாம் வரி. உங்கள் ஆளின் மணிக்கட்டைப் பதம் பார்த்தது இந்த வரியில் உள்ள தவறுதான். காயில் வண்டியில், அதாவது பேட்டரியின் கரண்டைக் காயில் என்ற கம்பிச்சுருள் உயர்த்திப் பொறி கொடுக்கும் வண்டியில், சுவிட்ச் கரண்டைக் கொண்டு வரும் வழியில் நிற்கும் கதவு; அணைத்தால் கரண்ட் நிற்கும், வயர் அறுந்தாலும் நிற்கும். மேக்னெட்டோ பேட்டரியை நம்பியதல்ல. சுற்றினால் தானே மின்சாரம் உண்டாக்கும். அதன் சுவிட்சை ஆஃப் செய்யும்போது நாம் மேக்னெட்டோவின் உள்சுற்றைப் பாடியோடு சேர்த்து ஷார்ட் செய்கிறோம், அவ்வளவுதான். அந்த வயர் அறுந்தாலோ திருகு தளர்ந்தாலோ சுவிட்ச் எந்த நிலையில் இருந்தாலும் மேக்னெட்டோ ‘ஆன்’ நிலையில்தான் இருக்கும். பேட்டரியை வண்டியிலிருந்து தூக்கி வெளியே வைத்தாலும் அது பொறி கொடுக்கும். மேக்னெட்டோ வைத்த சிறு விமானங்களில் இன்றுவரை இதே கதைதான். அதனால்தான் சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும், நின்றுகொண்டிருக்கும் புரொபெல்லரைக் கையால் அசைக்கக்கூடாது என்று அங்கே கற்றுக்கொடுக்கிறார்கள்.

மாடல் டி இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தனிப் பிறவி. ஃப்ளைவீலில் பதினாறு காந்தங்கள், டேஷ்போர்டு பக்கத்தில் மரப்பெட்டிக்குள் நான்கு காயில்கள். ஒவ்வொரு காயிலிலும் ஒரு துடிக்கும் தகடு இருப்பதால், கரண்ட் வந்தால் வண்டுபோல ரீங்காரமிட்டுத் தொடர்ந்து பொறி விடும். சாவியைப் பேட்டரிப் பக்கம் திருப்பும்போது, சூடான இன்ஜினில் மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொண்டு, யாரும் ஹேண்டில் அடிக்காமலேயே வண்டி ஸ்டார்ட் ஆவது உண்டு. ரசிகர்களுக்கு அது வேடிக்கை. ரேடியேட்டருக்கு எதிரே குனிந்து நிற்பவருக்கு அல்ல. கை பிரேக்கை முழுவதும் பின்னால் இழுத்து வைத்தால்தான் இந்த வண்டி நியூட்ரலில் நிற்கும் என்பதும், எண்ணெய் கெட்டியாக இருக்கும் குளிர்ந்த நேரத்தில் அப்போதும் முன்னே ஊர்ந்து வரப் பார்க்கும் என்பதும் குறிப்பில் இருக்க வேண்டும். ஹேண்டில் அடிக்கும் முன், பொறியின் நேரத்தை மாற்றும் ஸ்பார்க் லீவர் மேலே இருக்க வேண்டும். கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். ஹேண்டிலைக் கீழிருந்து மேலே இழுக்க வேண்டுமே தவிர, மேலிருந்து அழுத்தக்கூடாது. இதை மின்வேலைக் குறிப்பில் ஏன் எழுத வேண்டும் என்று கேட்காதீர்கள். பொறி எப்போது வருகிறது என்பதுதான் ஹேண்டில் உதைப்பதையும் உதைக்காததையும் தீர்மானிக்கிறது.

கடைசியாக, மாடல் டி மேக்னெட்டோவின் வெளிமுனையில் பேட்டரி வயர் ஒருபோதும் படக்கூடாது. பட்டால் ஆளுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் காந்தங்கள் வலுவிழந்துவிடும். அதற்குப் பிறகு இன்ஜினைப் பிரித்துத்தான் சரி செய்ய நேரும். பேட்டரி இல்லாமல் இன்ஜினை ஓட்டினால், அதைச் சார்ஜ் செய்யும் டைனமோவின் வோல்ட்டேஜ் கட்டுக்கடங்காமல் ஏறி, டைனமோவே வெந்துபோகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கையேட்டுக்காரி எழுதியது:

ஆறு வோல்ட் ஐயா சொன்னவை என் வேலையைச் சுலபமாக்கிவிட்டன. நான் இயந்திரங்களுக்குத் தமிழில் பயன்பாட்டுக் கையேடுகள் எழுதுபவள். எழுத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

‘துண்டிக்கவும்’ என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுங்கள். ஆங்கிலக் கையேடுகளைப் பெயர்த்துப் பெயர்த்து நமக்குப் பழகிப்போன சொல் அது. தமிழில் துண்டிப்பது என்றால் வெட்டுவது. ஒருமுறை நான் எழுதிய தண்ணீர் மோட்டார் குறிப்பைப் படித்த ஒருவர், ‘இணைப்பைத் துண்டிக்கவும்’ என்ற வரிக்குக் கட்டிங் பிளேயரை எடுத்து வயரை நறுக்கிவிட்டார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. நான் எழுதியதை அவர் எழுத்துப் பிசகாமல் செய்தார். நட்டைத் தளர்த்துவது, கேபிளைக் கழற்றுவது, ஓரமாக மடித்து வைப்பது என்று கை செய்யும் வேலைக்கு என்ன பெயரோ அதையே எழுதுங்கள்.

உங்கள் மூன்றாம் வரியில் வண்டி சம்பந்தமான தவறோடு மொழியின் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. செய்ய வேண்டுமா கூடாதா என்பது அந்த வினையின் வாலில்தான் தெரிகிறது. ‘அணைக்காமல்… தொடக்கூடாது’ என்று இரண்டு எதிர்மறைகளை அடுக்கினால், கையில் ஸ்பேனரோடு அவசரத்தில் படிப்பவர் நடுவிலுள்ள ‘எந்தப் பகுதியையும்’ என்பதைத் தாண்டும்போதே பொருளைத் தவறவிட்டுவிடுவார். எளிய ஆங்கிலத்தில் கையேடு எழுதுவோருக்கான எஸ்.டி.இ. விதிகள், செய்முறை வாக்கியம் ஒன்றில் 20 சொற்களுக்கு மேல் வேண்டாம் என்கின்றன. தமிழ்ச் சொல் ஒவ்வொன்றும் வேற்றுமையையும் விகுதியையும் தன் முதுகில் சுமப்பதால், நமக்கு அந்த 20 மிக அதிகம். எட்டு முதல் பத்துச் சொற்களுக்குள் வினை வந்துவிட வேண்டும் என்பதே நான் எனக்கு வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு.

இரண்டாம் வரியும் நான்காம் வரியும் அலுவலக நடை. ‘மேற்கொள்ளப்பட வேண்டும்’, ‘எடுக்கப்பட வேண்டும்’ என்றால் யார் எடுப்பது? ‘உரிய முன்னெச்சரிக்கை’ என்பது படிப்பவரிடமே கேள்வியைத் திருப்பி அனுப்புகிறது. எது உரியது என்று தெரிந்தவருக்கு உங்கள் குறிப்பு தேவையில்லை. இந்த வண்டிகளைப் பொறுத்தவரை அந்த வரி சொல்ல வேண்டியது இதுதான்: இன்ஜின் ஓடும்போது பிளக் வயரையும் காயில் பெட்டியையும் தொட்டால் பல ஆயிரம் வோல்ட் ஷாக் அடிக்கும், அந்த அதிர்ச்சியில் கை இழுபட்டு ஃபேனில் மாட்டும், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் அருகில் நிற்கவே வேண்டாம்.

சொற்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் தமிழை நேசிப்பவள்தான். பாடநூலில் மின்கலம், நேர்மின்முனை என்று எழுதுவதை வரவேற்கிறேன். ஆனால் பாதுகாப்புக் குறிப்பு என்பது கலைச்சொல்லைப் பரப்பும் இடம் அல்ல. பட்டறையில் ‘எர்த்’ என்றால் எல்லோருக்கும் தெரியும். ‘புவி இணைப்பு’ என்று எழுதினால், ரப்பர் டயரில் நிற்கும் வண்டிக்குப் பூமியோடு என்ன இணைப்பு என்று ஒருவர் கேட்கத்தான் செய்வார். செல்ஃப், டைனமோ, பாயிண்ட், காயில், பிளக் எல்லாவற்றையும் அப்படியே வையுங்கள். ஒரே பொருளுக்கு ஒரே சொல் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். முதல் வரியில் கேபிள் என்றும் மூன்றாம் வரியில் கம்பி என்றும் எழுதினால் இரண்டு பொருள்கள் இருப்பதாகத்தான் படிப்பவர் நினைப்பார். ‘கட்அவுட்’ என்ற சொல்லுக்கு மட்டும் அருகில் ஒரு படம் போட்டுவிடுங்கள். டைனமோவைப் பேட்டரியோடு சேர்த்தும் பிரித்தும் விடும், டைனமோவின் மேல் இருக்கும் சிறிய டப்பா அது என்பது பையன்களுக்குத் தெரியாது. அந்தச் சொல்லைக் கேட்டவுடன் தியேட்டர் வாசலில் நாற்பது அடி உயரத்தில் நிற்கும் நடிகர்தான் அவர்கள் நினைவுக்கு வருவார்.

‘முன்’ என்ற சொல்லிலும் கவனம் தேவை. நமக்கு அது காலத்தையும் குறிக்கும், இடத்தையும் குறிக்கும். ‘ஸ்டார்ட் செய்யும் முன் நிற்கக்கூடாது’ என்று அவசரமாக எழுதினால் இரண்டு பொருளும் கொள்ளலாம். இடத்துக்கு ‘எதிரே’, காலத்துக்கு ‘முன்பாக’ என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் சிவப்பாக்கும் யோசனைக்கு உடன்படாதீர்கள். அமெரிக்கத் தரநிலையான ஆன்சி இசட்535 எச்சரிக்கைச் சொற்களை நான்கு படிகளாகப் பிரிக்கிறது: தவிர்க்காவிட்டால் உயிரிழப்போ பெருங்காயமோ நிச்சயம் நேரும், நேரக்கூடும், சிறு காயம் நேரக்கூடும், பொருளுக்கு மட்டுமே சேதம். நம் டிரான்ஸ்ஃபார்மர்களில் மண்டையோட்டுப் படத்தோடு தொங்கும் ‘அபாயம்’ என்ற சொல் எல்லோருக்கும் பழக்கமானது. அதை உயிருக்கோ கைகாலுக்கோ கேடு வரும் இடங்களில் மட்டும் பயன்படுத்துங்கள். காந்தம் வலுவிழக்கும் என்பதற்கும் டேங்க் பற்றும் என்பதற்கும் ஒரே நிறம் கொடுத்தால், இரண்டு வாரத்தில் இரண்டையும் யாரும் பார்க்க மாட்டார்கள். எச்சரிக்கை, அது காக்க வேண்டிய செயலுக்கு மேலே இருக்க வேண்டும். கழற்றச் சொல்லிவிட்டு அடுத்த வரியில் ‘கழற்றும்போது கவனம்’ என்று எழுதுவது நம் கையேடுகளில் நாள்தோறும் காண்பது.

ஃபோர்டு நிறுவனம் மாடல் டி வாங்கியவர்களுக்குக் கொடுத்த கையேடு கேள்வி-பதில் வடிவில் இருந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். காரையே அதுவரை தொட்டிராத உழவர்களை எண்ணி எழுதப்பட்ட அந்த வடிவம் எனக்குப் பிடித்தமானது. ஏனென்றால் வாசகர் எந்த வேலையின் நடுவில் இருக்கிறார் என்பதிலிருந்து அது தொடங்குகிறது. நீங்களும் பொதுவான தாள் ஒன்றை விட்டுவிட்டு, வண்டிக்கும் வேலைக்கும் தனித்தனி அட்டை செய்யுங்கள். ‘ஆஸ்டின்: பாயிண்ட் பார்ப்பது’, ‘மாடல் ஏ: மீட்டர் தட்டைக் கழற்றுவது’ என்று தலைப்பிலேயே வேலை இருக்கட்டும்.

ஓலைக்குறிப்பு எழுதியது:

இருவருக்கும் என் நன்றி. நான்கு நாள் உட்கார்ந்து மீண்டும் எழுதினேன். இரண்டு அட்டைகளை இங்கே தருகிறேன். தயவுசெய்து தவறுகளைச் சுட்டுங்கள்.

ஆஸ்டின்: பாயிண்ட் பார்ப்பது
அபாயம்: சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் இந்த இன்ஜின் பற்றும். ஹேண்டில் உதைத்துக் கை ஒடியும்.
1. சிவப்பு கிளிப் வயரை எடுங்கள். ஒரு முனையை மேக்னெட்டோவின் சுவிட்ச் திருகில் மாட்டுங்கள்.
2. மறுமுனையை இன்ஜினில் பெயின்ட் இல்லாத இடத்தில் மாட்டுங்கள்.
3. நான்கு பிளக்குகளையும் கழற்றுங்கள்.
4. இப்போது ஹேண்டிலைப் போட்டுத் திருப்புங்கள்.

மாடல் டி: பேட்டரி இல்லாமல் இன்ஜினை ஓட்டுவது
கவனம்: டைனமோ வெந்துபோகும்.
1. எர்த் கேபிளைக் கழற்றுங்கள். பேட்டரியை வெளியே எடுங்கள்.
2. டைனமோ முனையிலிருந்து பாடிக்குக் கிளிப் வயர் போடுங்கள்.
3. சாவியை மேக்னெட்டோ பக்கம் திருப்பி ஸ்டார்ட் செய்யுங்கள்.

டைனமோ எழுதியது:

முதல் அட்டை நன்றாக வந்திருக்கிறது. ஒரே ஒரு சொல்லை மாற்றுங்கள். சிவப்பு கிளிப் என்றால் எந்த எலெக்ட்ரீசியனுக்கும் பிளஸ்தான். அதைப் பாடியில் மாட்டச் சொல்லும் அட்டையை அவர் நம்ப மாட்டார். நம்பினால், நாளைக்கு வேறொரு வண்டியில் சிவப்பை எடுத்துப் பாடியில் மாட்டுவார். மஞ்சள் வயர் செய்து, அதில் ஒரு முழ நீளத்துக்குத் துணி வால் ஒன்றைக் கட்டுங்கள், பானெட்டை மூடினால் வெளியே தொங்கும்படி. இந்தக் கிளிப்பை எடுக்க மறந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, அவ்வளவுதான். மறதி யாரையும் காயப்படுத்தாத வகையில் ஏற்பாடு இருக்கிறது என்பதால் இந்த அட்டை எனக்குப் பிடித்திருக்கிறது.

இரண்டாவது அட்டையில் மறதி அப்படி விட்டுவிடாது. டைனமோ முனையில் எர்த் வயர் போடுவது ஃபோர்டு காலத்திலேயே சொல்லப்பட்ட சரியான முறைதான். ஆனால் கட்அவுட்டில் இரண்டு முனைகள் உண்டு: ஒன்று டைனமோ பக்கம், மற்றது பேட்டரி பக்கம். உங்கள் பையன் பேட்டரி பக்கத்து முனையில் கிளிப்பைப் போட்டு, வேலை முடிந்ததும் எடுக்க மறந்து, பேட்டரியை மாட்டினால், ஃபியூஸ் இல்லாத வயரிங் முழுவதும் புகையும். கிளிப்பை எடுக்கச் சொல்லும் வரி உங்கள் அட்டையில் இல்லை. அதைச் சேர்க்கலாம், படம் போடலாம். ஆனால் சேகரிப்பில் உள்ள பழைய வண்டி ஒன்றைப் பேட்டரி இல்லாமல் ஓட்ட வேண்டிய தேவை என்ன? என் கருத்தில் அந்த அட்டையையே கிழித்துவிட்டு, ‘பேட்டரி மாட்டாமல் இந்த இன்ஜினை ஓட்டாதீர்கள்’ என்று ஒரு வரியை டைனமோவின் மேல் ஒட்டுங்கள். எழுதித் தீராத ஆபத்தை எழுதாமல் தீர்க்க முடியுமானால் அதுவே நல்லது.

யாரும் குறிப்பிடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது. காற்றில் அது 4 விழுக்காடு சேர்ந்தாலே ஒரு பொறிக்கு வெடிக்கும். மாடல் ஏ வண்டியில் பலகைக்கு அடியிலேயே பேட்டரியை வைத்துச் சார்ஜ் போட்டால் வாயு அங்கேயே தங்கும். பலகையைத் தூக்கி வைத்து, சார்ஜர் ஆறு வோல்ட்டில் இருக்கிறதா என்று பார்த்து, கிளிப்புகளை மாட்டிய பிறகே சார்ஜர் சுவிட்சைப் போட வேண்டும். பன்னிரண்டு வோல்ட் சார்ஜரை மாட்டினால் ஆறு வோல்ட் பேட்டரி சட்டிபோல் கொதிக்கும். நாளை உங்கள் உரிமையாளர் டெட்ராய்ட் எலெக்ட்ரிக் போன்ற அந்தக் கால மின்சாரக் கார் ஒன்றை வாங்கினால், இந்த அட்டைகள் எதையும் அதன் அருகில் கொண்டு போகாதீர்கள். அது பல பேட்டரிகளைத் தொடராகச் சேர்த்து எண்பது வோல்ட் அளவுக்குப் போகும் டி.சி. மின்சாரம், ஷாக் அடித்துக் கொல்லக்கூடியது. எடிசனின் நிக்கல்-இரும்பு பேட்டரி இருந்தால் உள்ளே இருப்பது அமிலம் அல்ல, காரம். அமிலப் பேட்டரிக்குப் பயன்படுத்திய புனலைக்கூட அதில் வைக்கக்கூடாது.

ஓலைக்குறிப்பு எழுதியது:

இரண்டாவது அட்டையைக் கிழித்துவிட்டேன். மஞ்சள் வயரும் துணி வாலும் தயாராகிவிட்டன.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. புதிதாக வந்த ஒரு பையனிடம் ஆஸ்டின் அட்டையைக் கொடுத்து, நான் எதுவும் பேசாமல் இரண்டடி தள்ளி நின்றேன். முதல் மூன்று வரிகளையும் தடங்கலின்றிச் செய்தான். கிளிப்பை மாட்டும் இடத்தில் அழுக்கைத் துடைத்துவிட்டுத்தான் மாட்டினான். அதை நான் எழுதியிருக்கவில்லை, இனி எழுதுவேன். நான்காவது வரியைப் படித்தான், அட்டையைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், பிறகு நடந்து போய் ஓட்டுநர் பக்கத்துக் கதவின் கைப்பிடியைப் பிடித்துத் திருப்பினான். ஹேண்டில் போட்டு ஸ்டார்ட் செய்யும் வண்டியை அவன் தன் வாழ்நாளில் பார்த்ததே இல்லை.

‘ஸ்டார்ட்டிங் ஹேண்டில்’ என்று மாற்றி எழுதி, அதே எழுத்துகளை ஒரு தகரத் துண்டில் பொறித்து அந்த இரும்பிலேயே கட்டிவிட்டேன். மற்ற அட்டைகளில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் வண்டியில் இப்படி ஒரு தகரம் தேவையா என்று இப்போது ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.